நாய்க்குட்டியின் கூண்டுப் பயிற்சிக்குத் தேவையான பொருட்கள்

கூண்டுப் பயிற்சி என்பது நாய்க்குட்டி ஒரு கூண்டைத் தன் படுக்கையிடமாக விரும்பி ஏற்கும்படி பழக்கும் முறையாகும். வெளியே சென்று சிறுநீர், மலம் கழிக்கப் பழக்குவதற்கும், ஆள் கவனிக்காத நேரத்தில் மின்கம்பி போன்றவற்றைக் கடித்துவிடாமல் காப்பதற்கும் இது உதவுகிறது. கூண்டுக்குப் பழகிய நாய் பயணத்திலும், மருத்துவமனையில் தங்க நேரும்போதும் அதிகம் மிரளாது.

குட்டிகள் பெரும்பாலும் 8 வார வயதில் புதிய வீட்டுக்கு வருகின்றன. தாயையும் கூடப் பிறந்தவற்றையும் பிரிந்த முதல் இரவில் அவை அழுவது இயல்பு. கூண்டும் மற்றப் பொருட்களும் அதற்கு முன்பே வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

கூண்டின் அளவு

நாய் குகையில் வாழும் விலங்கு, எனவே கூண்டு அதற்குத் தானாகவே பிடித்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். இது மிகைப்படுத்தல். நாயின் உறவினமான ஓநாய்கூட குட்டி ஈன்று வளர்க்கும் காலத்தில்தான் குகையைப் பயன்படுத்துகிறது. கூண்டுப் பயிற்சிக்கு உண்மையில் துணை நிற்பது வேறொரு இயல்பு. பிறந்து ஏறத்தாழ 3 வாரங்களில் குட்டி, படுத்த இடத்தை விட்டு நகர்ந்து சென்று சிறுநீர் கழிக்கத் தொடங்குகிறது. படுக்கையை நனைக்கக் கூடாது என்ற இந்தப் பழக்கம் நிலைப்பதும் கெடுவதும் கூண்டின் அளவைப் பொறுத்தது.

கூண்டு பெரிதாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் படுத்து, எதிர் மூலையில் கழித்துவிடும். சில வாரங்கள் இப்படிப் பழகிய குட்டியைத் திருத்துவது கடினம். மிகவும் சிறியதாக இருந்தாலோ அது வதையாகிவிடும். தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அத்துடன் சுமார் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். இராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெடுங்கால் நாய்களுக்கு உயரத்தையும் அளந்தே வாங்க வேண்டும்.

வளர்ந்த லாப்ரடார் நாய்க்குப் பொதுவாக 42 அங்குல நீளமுள்ள கூண்டு தேவைப்படும். 8 வாரக் குட்டிக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. இதற்காக இரண்டு கூண்டுகள் வாங்க வேண்டாம். நகர்த்தக்கூடிய தடுப்புப் பலகை உள்ள பெரிய கூண்டை வாங்கி, குட்டி வளர வளரத் தடுப்பைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். தடுப்பு கூண்டுடன் சேர்ந்து வருகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. அட்டைப்பெட்டியைத் தடுப்பாக வைத்தால் குட்டி அதைக் கடித்து விழுங்கும்.

வகையும் வைக்கும் இடமும்

கம்பிக் கூண்டு, பிளாஸ்டிக் கூண்டு, துணிக் கூண்டு என மூன்று வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. வெப்பமான ஊர்களுக்குக் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டே ஏற்றது. துணிக் கூண்டைப் பல் முளைக்கும் குட்டி கிழித்துவிடும். அடிப்பாகம் வலைக்கம்பியாக உள்ள கூண்டில் கால் விரல்கள் சிக்கக்கூடும். வழவழப்பான தட்டு பொருத்தியதையே வாங்க வேண்டும்.

நாய்க்கு மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது உடல் சூட்டைத் தணிக்கிறது. ஆகவே வெயில் விழும் சன்னல் ஓரத்திலோ, மூடிய பால்கனியிலோ கூண்டை வைப்பது ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இது இன்னும் பொருந்தும். கூண்டின் மேல் துணி போர்த்தினாலும் ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். இரவில் ஆள் படுக்கும் அறையில் கூண்டை வைத்தால், குட்டி சிறுநீருக்காக முனகுவது காதில் விழும்.

உள்ளே வைப்பவை

விலை உயர்ந்த மெத்தை தேவையில்லை. பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டியை மடித்து விரித்தால் எளிதில் துவைக்கலாம். உண்ணி இருந்தாலும் கண்ணில் படும். பஞ்சு அடைத்த மெத்தையைக் கிழித்து விழுங்கினால் குடலில் அடைப்பு ஏற்படக்கூடும். துணியையே கிழிக்கும் குட்டிக்கு, அந்தப் பழக்கம் மறையும்வரை வெறும் தட்டே பாதுகாப்பு.

சுமார் 4 முதல் 6 மாத வயதில் பால் பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கும்போது கடிக்கும் வெறி கூடும். உள்ளே தீனி அடைக்கக்கூடிய கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்று இருந்தால் போதும். அது வாய்க்குள் முழுதாக நுழையாத அளவில் இருக்க வேண்டும். வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குத்தும் என்பதால் தரக்கூடாது. தண்ணீர்க் கிண்ணம் கம்பியில் மாட்டும் வகையாக இருந்தால் கவிழாது. மிச்சத் தீனியை உடனே எடுக்காவிட்டால் எறும்பு மொய்க்கும். கழுத்துப்பட்டை கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடலாம். கூண்டுக்குள் விடும் முன் அதைக் கழற்ற வேண்டும்.

சுத்தம் செய்யும் பொருட்கள்

சிறுநீர் பட்ட இடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்தால் நமக்கு வாடை மறையும். நாயின் மூக்குக்கு மறையாது. குட்டி மீண்டும் அங்கேயே போகும். நொதி கலந்த கழுவு திரவம் வாடைக்குக் காரணமான பொருளையே சிதைக்கிறது. அம்மோனியா கலந்தவை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் தவிர்க்கத்தக்கவை.

பழைய கூண்டை இரவல் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பொருட்களில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும்; சாதாரண சோப்பால் அழியாது. முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய பின், 1 பங்கு பிளீச் திரவத்தை 30 பங்கு நீரில் கலந்து, 10 நிமிடம் ஈரமாக வைத்திருந்து, அலசி வெயிலில் காயவிட வேண்டும். முன்பு அதில் இருந்த நாய் நோயால் இறந்திருந்தால் அந்தக் கூண்டை வாங்காமல் இருப்பதே மேல்.

கூண்டு போதாத இடம்

குட்டி சிறுநீரை அடக்கும் நேரத்துக்குத் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: வயது மாதங்களுடன் 1 கூட்டினால் வரும் மணி நேரம். 2 மாதக் குட்டிக்கு அதிகபட்சம் 3 மணி நேரம். நடைமுறையில் இதற்கும் குறைவாகவே வைக்க வேண்டும். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், போதிய நீள, அகல, உயரமின்றி விலங்கு அசைய இயலாத கூண்டில் அடைப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. வீட்டில் எல்லாரும் காலையில் கிளம்பி மாலையில் திரும்புபவர்களாக இருந்தால், பகலுக்கு வாங்க வேண்டியது கூண்டு அல்ல, தரையில் வளைத்து நிறுத்தும் மடக்கு வேலி. அதன் ஒரு மூலையில் கூண்டைக் கதவு திறந்தபடி வைத்து, எதிர் மூலையில் செய்தித்தாள் விரித்து, நடுப்பகலில் யாராவது வந்து குட்டியைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம்.