தோட்டத்தில் மோட்டார், அக்கரையில் அண்ணன்

ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரு வேலை உண்டு. பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் கப்சாய் மோட்டாரைத் துடைத்து, உதைத்துக் கிளப்பி, செம்பனைக் காட்டுச் சாலையில் ஒரு சுற்று ஓட்டி வர வேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வாரங்களில் பெரியம்மாவே அதைச் செய்கிறார்.

மோட்டாருக்குச் சொந்தக்காரர் பெரியம்மா மகன். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில், குத்தகை நிறுவனம் ஒன்றின் கீழ் வெல்டிங் வேலை செய்கிறார். அவர் அழைக்கும்போது "சாப்பிட்டியா?" என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "மோட்டார ஸ்டார்ட் பண்ணியா தம்பி?"

முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை.

ஏன் கொண்டு போக முடியாது?

ஜொகூர் பாருவில் குடியிருந்து, நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் மலேசிய மோட்டாரைச் சிங்கப்பூரில் ஓட்டலாம். அதிகாலையில் ஜொகூர் பாலத்தில் நிற்கும் மோட்டார் வரிசையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் வேலை பெர்மிட்டுடன் சிங்கப்பூரிலேயே தங்கியிருப்பவர் வெளிநாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டியை அங்கே ஓட்டக்கூடாது.

சிரம்பானிலிருந்து ஜொகூர் பாரு 250 கிலோமீட்டருக்கும் மேல். நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளை தினமும் போய்வர வழியே இல்லை. அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். அப்படியானால் மோட்டார் வீட்டில்தான்.

அங்கேயே ஒன்று வாங்கலாமே என்று கேட்கலாம். சிங்கப்பூரில் வண்டி வாங்க, அதன் விலையோடு 'சிஓஇ' எனப்படும் உரிமைச் சான்றையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் தொடங்கிய இந்த முறையில் சான்று பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றின் விலை மட்டும் 10,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. நம் பணத்தில் 30,000 ரிங்கிட்டுக்கும் மேல். அந்தப் பணத்துக்கு இங்கே கப்சாய்களை வரிசையாக நிறுத்தலாம்.

ஓட்டுநர் உரிமமும் வேறு. இங்கே 16 வயதில் பி2 உரிமம் எடுத்து 250 சிசி வரை ஓட்டலாம். அங்கே 18 வயதாக வேண்டும். முதல் படியான 2பி உரிமத்தில் 200 சிசி வரைதான்.

இதில் வேதனையான ஒன்று உண்டு. அண்ணன் சிங்கப்பூருக்குப் போன காரணங்களில் ஒன்றே அந்த மோட்டாரின் மாதத் தவணைதான். கடன் முடிந்தது. வண்டி சொந்தமானது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

தோட்டத்துக்கு மோட்டார் என்றால் என்ன?

பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ 1958இல் ஹொண்டா மோட்டார்களை மலாயாவுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். ஜப்பானில் ஹொண்டா சூப்பர் கப் அறிமுகமானதும் அதே ஆண்டுதான். 'கப்' என்ற பெயரோடு சிறியது எனப் பொருள்தரும் சீனச் சொல் ஒட்டிக்கொண்டு நம் ஊரில் 'கப்சாய்' ஆனது.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார் ஒரு விருப்பம். தோட்டத்தில் அது கால். லயத்து வீடுகளிலிருந்து பெரிய சாலைக்கு வரவே சில கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டிய தோட்டங்கள் இன்னும் உண்டு. பஸ் எப்போதாவது வரும். பெரட்டுக்குப் போக, கடைக்குப் போக, காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையை கிளினிக்குக்குக் கொண்டு போக மோட்டார்தான். இரவு டியூஷன் முடிந்து வரும் என்னை ஏற்றிச் செல்ல அண்ணன் காத்திருந்ததும் அதே மோட்டாரில்தான்.

எனவே அவர் ஏங்குவது இரும்புக்கும் எண்ணெய்க்கும் அல்ல. நினைத்த நேரத்தில் கிளம்பி, நினைத்த இடத்துக்குப் போகும் உரிமைக்கு. அங்கே அவருடைய நாள் ஷிஃப்ட் நேரமும், எம்.ஆர்.டி. நேரமும், பலர் சேர்ந்து தங்கும் அறையின் விளக்கணைக்கும் நேரமுமாகக் கழிகிறது.

புதிய பயணம் அல்ல

கடல் தாண்டிய வேலை நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை. நம் கொள்ளுத்தாத்தாக்கள் பலர் கங்காணியின் பின்னால் கப்பலேறி இந்தத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். 1938இல் இந்திய அரசு அத்தகைய ஆள்சேர்ப்பைத் தடுத்த பிறகே அந்த வரவு நின்றது.

அதே 1938இல் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான பெரிய கப்பல் துறை திறக்கப்பட்டது. படைவீரர் அல்லாத இந்தியத் தொழிலாளர்கள், குறிப்பாக மலையாளிகளும் தமிழர்களும், அந்தத் தளத்தில் ஏராளமாக வேலை செய்தார்கள். 1968இல் அந்தத் துறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் விலகிச் சென்றன. இன்று தீவின் கப்பல் பட்டறைகளில் குத்தகை நிறுவனங்களின் கீழ் உழைக்கும் நம் இளைஞர்கள் அந்த வரிசையில்தான் வருகிறார்கள்.

அந்த ஓர் இரவு

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, 1924 முதல் இரு கரைகளையும் இணைக்கும் 1,056 மீட்டர் பாலம் வெறிச்சோடியது. இடையில் சிறப்பு அனுமதியில் சிலர் வந்துபோனார்கள். 2022 ஏப்ரல் 1, நள்ளிரவில்தான் தனிமைப்படுத்தல் இல்லாமல் எல்லை முழுமையாகத் திறந்தது. முதலில் ஹார்ன் அடித்துக்கொண்டு பாய்ந்து கடந்தவர்கள் மோட்டார்க்காரர்கள்தான்.

இழந்த நாள்களை ஈடுகட்ட நினைத்தார் அண்ணன். மோட்டாரை ஜொகூர் பாருவில் வாடகைக்கு நிறுத்திவைத்து, வாரக் கடைசியில் ஷிஃப்ட் முடிந்ததும் எல்லை கடந்து, இரவோடு இரவாகத் தோட்டத்துக்கு ஓட்டி வந்தார். பிளஸ் நெடுஞ்சாலையில் மோட்டாருக்குக் கட்டணம் கிடையாது. பெட்ரோல் செலவும் குறைவு. பஸ்ஸுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

நான்காவது முறை, விடியற்காலை மூன்று மணி அளவில், ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். அவசரத் தடத்தின் ஓரத்துத் தடுப்பில் உரசி விழுந்தார். தோளில் எலும்பு விலகியது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அதனால்தான் இன்று அவர் போனில் பேசுகிறார்.

நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் சாலை விபத்துகளில் இறப்போர் ஆண்டுக்கு 6,000 பேருக்கும் மேல். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் அதிகமானோர் மோட்டாரில் சென்றவர்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. மலேசியாவில் வேலை செய்பவர், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே விபத்தில் சிக்கினால் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரில் வேலையிடத்தில் காயமடைந்தால் அந்த நாட்டுச் சட்டப்படி இழப்பீடு உண்டு. ஆனால் அக்கரையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, இக்கரை நெடுஞ்சாலையில் சொந்த மோட்டாரில் விழுந்தவருக்கு இரண்டும் இல்லை. மருத்துவச் செலவும், வேலைக்குப் போகாத நாள்களின் இழப்பும் சேமிப்பிலிருந்துதான் போயின.

அதன் பிறகு பெரியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வண்டி இங்கதான் இருக்கும்." இப்போது அண்ணன் லார்க்கினிலிருந்து சிரம்பானுக்கு பஸ் எடுக்கிறார். பஸ்ஸில் தூங்கலாம்.

போகுமுன் யோசியுங்கள்

எஸ்.பி.எம். முடித்ததும் அக்கரைக்குப் போக நினைக்கும் நண்பர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? அண்ணன் அனுப்பிய பணத்தில்தான் பெரியம்மா வீட்டுக் கூரை மாறியது. ஆனால் சிலவற்றைக் கணக்கில் எடுங்கள்.

முதலாவது, கையில் ஒரு சான்றிதழோடு போங்கள். வெல்டிங்கோ மின்வேலையோ, எஸ்.கே.எம். தகுதி இருந்தால் பேரம் பேச முடியும். திரும்பி வந்தாலும் இங்கே வேலை கிடைக்கும்.

இரண்டாவது, வேலை பெர்மிட்டில் இருக்கும் மலேசியருக்குச் சிங்கப்பூரின் சேமநிதி கிடையாது. இங்கே கே.டபிள்யூ.எஸ்.பி.யில் நீங்களாகவே மாதந்தோறும் போட்டு வராவிட்டால், பத்து வருட உழைப்புக்குப் பிறகும் முதுமைக்கென்று எதுவும் இருக்காது. தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, போவதற்கு முன் மோட்டாரைக் கடனில் வாங்காதீர்கள். ஏற்கனவே இருந்தால், ஷிஃப்ட் முடிந்த களைப்போடு அதில் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

மோட்டாரை விற்றுவிடலாமே என்று ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன். 150 சிசி வரை ஆண்டுக்குச் சாலை வரி 2 ரிங்கிட்தான்; ஆனாலும் ஓட்டாத வண்டிக்குக் காப்புறுதி கட்டுவது வீண்தானே? சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அது நின்னாத்தான் தம்பி, திரும்பி வரணும்னு ஞாபகம் இருக்கும்" என்றார்.

பிறகு, அடுத்த முறை வரும்போது எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடச் சொன்னார்.