அடுப்புக்கு வந்த மண், மண்ணுக்குப் போகும் ஒளி

2008 யூனில், செவ்வாயின் வடதுருவப் பக்கம் இறங்கியிருந்த நாசாவின் பீனிக்ஸ் கலம், தன் நீண்ட கையால் மண்ணை அள்ளிச் சிறு அடுப்பொன்றின் வாயில் கொட்டியது. மண் கட்டிபட்டு, அடுப்பின் மேலிருந்த அரிதட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதிரவைத்து, நாட்கள் போனபின்தான் உள்ளே விழுந்தது. பனி கலந்த மண்ணோ கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. தோண்டிய பள்ளத்தில் தெரிந்த வெண்கட்டிகள் நாலு நாளில் ஆவியாகிப் போயின. எட்டு அடுப்புகள், ஒவ்வொன்றும் ஒரேயொரு தடவைக்கு. யூலைக் கடைசியில்தான், சூடாக்கிய மண்ணிலிருந்து நீராவி வந்தது உறுதியாயிற்று. எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது!

இன்று மண்ணை அள்ளாமலே கேள்வி கேட்கலாம். 2012 இல் கியூரியோசிட்டி ஊர்தி, ஏழு மீற்றர் வரை எட்டும் லேசரால் செவ்வாய்ப் பாறையைச் சுட்டது. 2023 ஓகஸ்ட்டில் சந்திரயான்-3 இன் பிரக்யான், வெறும் 26 கிலோ ஊர்தி, சந்திரனின் தென்துருவப் பகுதியில் அதே வேலையைச் செய்தது. லேசர்த் துடிப்பு விழுந்த சின்னஞ்சிறு புள்ளி ஆயிரக்கணக்கான பாகைக்குச் சூடேறி பிளாஸ்மாவாகச் சிதறும். அணையுமுன் அது விடும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய கோடுகளோடு நிற்கும். சந்திரனில் கந்தகம் அப்படித்தான் உறுதியானது. பனி தேடுவோர் கண்வைத்திருப்பது ஐதரசனின் கோடுகளில். அவற்றுள் பெயர்பெற்றது 656 நனோமீற்றரில் விழும் சிவப்புக் கோடு.

அந்தக் கோடுகள் எந்த உலகிலும் மாறுவதில்லை. இலங்கையில், திரியாயிலிருந்து வடக்கே போனால் புல்மோட்டை. அங்கத்தைய கறுப்பு மணலை ஒரு பிடி அள்ளினாலே பாரம் தெரியும்: இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இல்மனைற். 1969 இல் அப்பலோ 11 கொண்டுவந்த சந்திரக் கற்களிலும் இல்மனைற் தாராளம். பிரக்யானின் லேசரும் தைத்தேனியத்தைக் கண்டது. எங்கள் மணலை அதே லேசரால் சுட்டாலும் தைத்தேனியம் அதே கோடுகளைத்தான் காட்டும். நம் பிள்ளைகள் இந்த மணலைக் கையில் வைத்துக்கொண்டே நிறமாலை படிக்க வேண்டுமென்பது என் ஆசை. நாமக்கல் சித்தம்பூண்டிப் பக்கத்துக் கல்லை அரைத்துத்தானே இஸ்ரோ பரிசோதனைக்குச் சந்திர மண் செய்தது?

ஆனாலும் ஒளி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஐதரசன் தெரிந்தால், அது பனியிலிருந்து வந்ததா, கனிமத்தோடு பிணைந்து கிடந்ததா என்று அந்தக் கோட்டை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். லேசர் தொடுவதும் மேற்பரப்பைத்தான். சந்திரயான்-3 இன் இறங்குகலமான விக்ரமின் வெப்பமானி, மேலே 50 பாகைக்குக் கூடிய சூடு இருந்தபோதே, 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் சுமார் −10 பாகையைக் கண்டது. பனி நிலைக்கக்கூடியது கீழேதான். அதனால் இந்தியாவும் யப்பானும் சேர்ந்து தயாரிக்கும் லூபெக்ஸ் பயணத் திட்டம், சந்திரனின் துருவத்தருகே துளையிட்டு மண்ணை வெளியே எடுத்து, சூடாக்கி, அதில் எவ்வளவு நீர் என்று அளந்து பார்க்கப் போகிறது.