மலைக்கு அந்தப் பக்கம் தோட்டம் (மண்ணும் மதுவும் – 9)

பெய்ரூட்டிலிருந்து கடலை ஒட்டியே வடக்கே போனால் ஜூனியே வளைகுடா வரும். அதற்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற ஊர் கஸீர். 1930-இல் இந்த ஊரின் பழைய கோட்டை ஒன்றில் இருபது வயது இளைஞர் ஒருவர் ஒயின் ஆலை தொடங்கினார். அவர் பெயர் கஸ்தோன் ஹோஷார். ஆலைக்கு 'ஷத்தோ முஸார்' என்று பெயர் வைத்தார். போன வாரங்களில் நாம் பார்த்த போர்தோ குடும்பங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கொடிகள்தான் கண்ணில் படும். கஸீரில் அப்படியில்லை. ஹோஷார் குடும்பத்தின் தோட்டங்கள் மலையைத் தாண்டி அந்தப் பக்கம், பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கின்றன. பறித்த திராட்சையை லாரியில் ஏற்றி, சுமார் 1500 மீட்டர் உயரத்துக் கணவாயைக் கடந்து, கடல் பக்கம் இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

விவரம் தெரிந்த யாரும் தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு மலைத்தொடரை விடமாட்டார்கள். பறித்த பழம் ஆலைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். கஸ்தோனுக்கும் அது தெரியும். ஆனால் 1930-இல் லெபனானின் எல்லையே உறுதிப்படாத ஒன்று. பெக்காவைச் சேர்த்துப் பெரிய லெபனான் என்று பிரெஞ்சு ஆட்சி அறிவித்துப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. நாளைக்கே பெக்கா சிரியாவோடு போய்விடலாம் என்ற பயம் அவருக்கு இருந்ததாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள். பழத்தை எங்கிருந்தும் வாங்கிக்கொள்ளலாம். கட்டிய ஆலையைப் பெயர்த்து எடுத்துவர முடியாது. அந்தக் கணக்கில் அவர் எடுத்த முடிவு அன்றைக்குச் சரியானதுதான். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவருடைய பிள்ளைகள், நாற்பத்தைந்து ஆண்டு கழித்து.

இரண்டாம் உலகப் போரின்போது ரொனால்ட் பார்ட்டன் என்ற ராணுவ அதிகாரி லெபனானில் பணியில் இருந்தார். போர்தோவில் லாங்கோவா-பார்ட்டன் தோட்டத்தை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். கஸ்தோனும் அவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். அந்த நட்பின் அடையாளமாகத்தான் கஸ்தோன் தன் இளைய மகனுக்கு ரொனால்ட் என்று பெயர் வைத்தார். மூத்தவர் செர்ஜ். முஸார் பற்றிப் பேசும்போது உலகம் முதலில் சொல்கிற பெயர் இவருடையது.

செர்ஜ் படித்தது சிவில் இன்ஜினீயரிங். பிறகு ஒயின் பக்கம் மனம் திரும்பி, போர்தோ பல்கலைக்கழகத்தில் எமில் பெய்னோ போன்ற பேராசிரியர்களிடம் படித்தார். பெய்னோ சாதாரண ஆள் இல்லை. ஆலைகளில் சுத்தம், நொதிக்கும் தொட்டியின் வெப்பக் கட்டுப்பாடு, அழுகல் பழத்தைக் கழித்துக்கட்டுவது என்று போர்தோ ஒயினையே மாற்றிக்காட்டியவர். 1959-இல் செர்ஜ் அப்பாவிடமிருந்து ஒயின் செய்யும் பொறுப்பை வாங்கிக்கொண்டார். இனி ஒயின் விஷயத்தில் யாரும் தலையிடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. தம்பி ரொனால்ட் கணக்கையும் விற்பனையையும் பார்த்துக்கொண்டார். தன் மனதுக்குப் பிடித்த சிவப்பு ஒயினைக் கண்டடைய செர்ஜுக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் நாட்டில் போர் வந்துவிட்டது.

போரைப் பிறகு பார்ப்போம். முதலில் கொடிகளைப் பார்த்துவிடுவோம்.

பெக்கா என்பது லெபனான் மலைத்தொடருக்கும் கிழக்கு லெபனான் மலைத்தொடருக்கும் நடுவே நீண்டு கிடக்கிற மேட்டுச் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். கோடையில் வெயில் கடுமையாக இருந்தாலும் ராத்திரியில் நன்றாகக் குளிர்ந்துவிடும். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிரில் அதன் புளிப்பு கரைந்துபோகாமல் நிற்கும். பனிக்காலத்தில் மலையில் பெய்யும் பனி உருகி நிலத்தடியில் இறங்குவதால், மழையே இல்லாத கோடையிலும் ஆழமாக வேர் விட்ட கொடிக்கு ஈரம் கிடைக்கிறது. முஸாரின் சிவப்புத் திராட்சைகள் இங்கே அம்மிக், ஆனா, கெஃப்ரயா ஊர்களைச் சுற்றி, சுண்ணாம்புப் பாறைமேல் சரளை படிந்த மண்ணில் வளர்கின்றன. முக்கியமாக மூன்று ரகம்: கபர்னே சோவின்யோன், சான்சோ, கரின்யான்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சையைத் தலைக்கு மேல் படர விடுகிறோம். பெக்காவின் பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கவாத்து செய்து செய்து ஒவ்வொரு கொடியையும் குட்டையான புதராக நிற்க வைத்திருக்கிறார்கள். தன் இலை நிழலிலேயே அதன் குலை பழுக்கிறது. விளைச்சல் குறைவு. பாசனமும் ரசாயன உரமும் இல்லாத கிழட்டுக் கொடி நிறையக் காய்க்காது. காய்த்த கொஞ்சத்தில் சாரம் இருக்கும். பறிக்க வருபவர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டு வாழும் பெதூயின் குடும்பத்தினர். எல்லாமே கையால் பறிப்பதுதான்.

என் கணக்கில் முஸாரின் பெரிய செல்வம் சிவப்பு ஒயின் அல்ல, வெள்ளை. ஒபைதே, மெர்வா என்ற இரண்டு ரகங்களில் அதைச் செய்கிறார்கள். இரண்டுமே அந்த மலைநாட்டின் சொந்த ரகங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சையைப் பெருமளவு அழித்தது. அதன்பின் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் உலகின் பெரும்பகுதியில் நடுகிறார்கள். முஸாரின் ஒபைதேயும் மெர்வாவும் பெக்காவுக்கும் மேலே, 1400 மீட்டர் வரையிலான மலைச்சரிவுகளில், இன்னும் தங்கள் சொந்த வேரில் நிற்கின்றன. ஊரில் இந்தப் பழத்தை அரக் என்ற சாராயம் காய்ச்சவும் சாப்பிடவும்தான் நட்டார்கள். பிரான்சில் படித்து வந்த ஒருவர் இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சார்டொனே நட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். செர்ஜ் பிடுங்கவில்லை. வெள்ளையைச் சிவப்புக்குப் பின்னால் பரிமாற வேண்டும், ஐஸில் வைக்கக் கூடாது, 15 டிகிரியில் குடிக்க வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். ஐரோப்பிய விருந்துகளின் வழக்கத்துக்கு நேர் எதிரான வரிசை அது. ஆனால் பல ஆண்டு பழுத்துத் தேன் நிறத்துக்கு வந்த அந்த வெள்ளைக்கு அதுதான் ஏற்ற இடம்.

ஆலைக்குள் நடப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாம் காத்திருப்புதான். ஒவ்வொரு சிவப்பு ரகமும் தனித்தனியாகக் கான்கிரீட் தொட்டியில் நொதிக்கிறது. கடையில் வாங்கிய ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் ஆலையிலும் இருக்கிற ஈஸ்ட்டே வேலையைச் செய்கிறது. சில மாதம் கழித்து சிவப்பு ஒயின் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்குப் போய் ஓர் ஆண்டு இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் மூன்று ரகத்தையும் கலக்கிறார்கள். எது எவ்வளவு என்பது அந்தந்த ஆண்டின் பழத்தைப் பொறுத்தது: ஓர் ஆண்டு கபர்னே முன்னால் நிற்கும், இன்னோர் ஆண்டு சான்சோ. வடிகட்டாமல், கந்தகத்தையும் கொஞ்சமாகவே சேர்த்து, பாட்டிலில் அடைத்து நிலவறையில் வைத்துவிடுகிறார்கள். பறித்த ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டில்தான் அது கடைக்கு வரும். யோசித்துப் பாருங்கள்: எந்த நேரத்திலும் ஏழு ஆண்டு விளைச்சல் விற்காமல் நிலவறையில் கிடக்கிறது. பங்குதாரர்களுக்குக் காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனியால் இதைச் செய்ய முடியாது. குடும்பத்தின் கையில் இருப்பதால்தான் இந்தப் பொறுமை சாத்தியமாகிறது.

1975 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பதினைந்து ஆண்டு நீடித்தது. கஸீர் கிறிஸ்தவப் படைகளின் பகுதியில் இருந்தது. பெக்காவில் 1976 முதல் சிரியப் படை இறங்கியிருந்தது. நடுவே இருக்கிற மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வோர் ஆயுதக் குழுவின் சோதனைச் சாவடி. 1982-இல் இஸ்ரேலியப் படையும் சேர்ந்துகொண்டது. கஸ்தோன் 1930-இல் எந்த மலையை நம்பி ஆலையை இந்தப் பக்கம் கட்டினாரோ, அதே மலை இப்போது போர்முனையாகிவிட்டது. செப்டம்பர் வந்தால் பழம் பழுத்துவிடும். அது போர்நிறுத்தத்துக்காகக் காத்திருக்காது. லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொரு சாவடியிலும் பேசி, கெஞ்சி, சண்டை ஓய்கிற நேரம் பார்த்து ஓட்டிவந்தார்கள். இந்த ஓட்டுநர்களின் பெயர்களும் பறித்த பெண்களின் பெயர்களும் எந்த ஒயின் புத்தகத்திலும் விரிவாக இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

போர்க்காலத்தில் ஒயினே செய்யாமல் போன ஆண்டு 1976. 1984-இன் கதை வேறு. மலைச் சண்டையில் வழக்கமான சாலை மூடிவிட்டது. லாரிகள் சுற்றுவழிகளில் அலைந்து, நாட்கணக்கில் தாமதமாகி கஸீர் வந்து சேர்ந்தன. பழம் லாரியிலேயே நொதிக்கத் தொடங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஓடையில் கொட்டியிருப்பார்கள். செர்ஜ் அதையும் தொட்டியில் ஏற்றி ஒயினாக்கி, பாட்டிலில் அடைத்து, விற்காமல் ஒதுக்கி வைத்தார். பல ஆண்டுகள் கழித்து அதில் கொஞ்சத்தைக் குடும்பம் வெளியே விட்டது. வழக்கமான முஸார் போல அது இல்லை, இருக்கவும் முடியாது. அந்த ஆண்டு எப்படி இருந்ததோ அப்படியே பாட்டிலில் இருந்தது.

உள்ளூர் வியாபாரம் போரில் படுத்துவிட்டதால் சகோதரர்கள் வெளிநாட்டுச் சந்தையைத் தேட வேண்டியிருந்தது. 1979-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சிக்கு முஸார் போனது. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் ஒயின் நிபுணர் மைக்கேல் பிராட்பென்ட் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, கண்காட்சியிலேயே சிறந்த கண்டுபிடிப்பு இதுதான் என்று சொன்னார். பிரிட்டனில் வழி திறந்துவிட்டது. பழம் லாரியிலேயே நொதித்த அதே 1984-இல்தான் 'டிகான்டர்' என்ற ஒயின் பத்திரிகை தன்னுடைய ஆண்டின் சிறந்த மனிதர் விருதைத் தொடங்கி, முதல் விருதை செர்ஜுக்குக் கொடுத்தது.

குண்டுகளுக்கு நடுவே ஒயின் என்ற கதை அன்றிலிருந்து முஸாரின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுதுகிறவர்கள் எல்லோரும் லாரியில் ஏறி லாரியிலேயே இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துணிச்சலை மட்டும் வைத்து ஓர் ஒயினைப் பத்து ஆண்டு விற்கலாம். போர் முடிந்து ஒரு தலைமுறை கடந்தும், லெபனானை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் பாட்டிலுக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற ஒன்றை மாறவிட்டு, அந்த மாற்றத்தையே விற்கிற தைரியம் அது. சாவடிகளைக் கடந்த தைரியத்தைவிட இதை அபூர்வமானதாக நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பும் உண்டு, அது லேசான எதிர்ப்பும் இல்லை. முஸாரின் பல ஆண்டு ஒயின்களில் அசெட்டிக் அமிலம் அதிகம். அதாவது வினிகரின் வாசனை மூக்கில் தட்டும். ஒயின் கல்லூரிகளில் இதைக் குற்றம் என்றுதான் கற்பிக்கிறார்கள். பெய்னோவே அப்படித்தான் கற்பித்தார். ஒரே ஆண்டின் ஒரு பாட்டில் போல இன்னொன்று இருப்பதில்லை என்பதும் உண்மை. நிறையப் பணம் கொடுத்து வாங்கியவர் ஏமாந்தால் அவர் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் செர்ஜ் அறியாமல் செய்தவர் அல்ல. குற்றம் என்ன, அதைத் தவிர்ப்பது எப்படி என்று ஆசானிடமே படித்துவிட்டு, எது வரை விடலாம் என்று தானே முடிவு செய்தவர். கட்டுப்படுத்தத் தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் தெரியாதவன் நிற்பதும் ஒன்றல்ல. அந்த லேசான காட்டம் இல்லாவிட்டால் அதன் உலர்ந்த பழ வாசனையும் மசாலா வாசனையும் இப்படி எழும்பாது என்பதே என் எண்ணம்.

2006 ஜூலையில் மீண்டும் போர் வந்தது; ஆகஸ்ட் 14-இல் சண்டை நின்றது. அதே ஆண்டில்தான் இயற்கை வேளாண்மைச் சான்று முஸாருக்குக் கிடைத்தது. லெபனானில் அதைப் பெற்ற முதல் ஒயின் தோட்டம் இதுதான். ரசாயனத்தைத் தொடாத நிலத்துக்குக் காகிதம் தாமதமாக வந்து சேர்ந்தது, அவ்வளவே. 2014-இன் கடைசி நாளில் செர்ஜ் மெக்சிகோவில் காலமானார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில் கடலில் நீந்தும்போது நேர்ந்தது. இப்போது அவருடைய மகன்கள் கஸ்தோனும் (தாத்தாவின் பெயர்தான்) மார்க்கும் அடுத்த தலைமுறையாக நடத்துகிறார்கள். ஒயின் செய்யும் பொறுப்பு 1991-இல் சேர்ந்த தாரிக் சக்ர் என்பவர் கையில். அவர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் செர்ஜின் பக்கத்திலேயே இருபது ஆண்டுக்கு மேல் நின்று பழகியவர்.

உள்நாட்டுப் போர் முடிந்தபோது லெபனானில் ஒயின் ஆலைகள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தன. இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டன. புதிதாக வந்த இளைஞர்கள் பலர் ஒபைதேயையும் மெர்வாவையும் தேடி மலையேறுகிறார்கள். நாட்டின் நிலைமை மட்டும் ஓயவில்லை. 2019-இல் வங்கிகள் முடங்கின. 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியது. 2024 செப்டம்பரில், திராட்சை பறிக்கிற பருவத்தில், பெக்கா மேல் மறுபடியும் குண்டு விழுந்தது. ஏழு ஆண்டுக் கணக்குப்படி பார்த்தால், துறைமுகம் வெடித்த ஆண்டின் பழம் 2027-இல்தான் கடைக்கு வர வேண்டும்.

இதே பெக்காவில், ஸஹ்லே நகரத்துக்குப் பக்கத்தில், இயேசு சபைத் துறவிகள் 1857-இல் தொடங்கிய க்ஸாரா என்ற தோட்டம் இருக்கிறது. ரோமானியர் காலக் குகைகளில் ஒயினைப் பழுக்க வைத்த அந்தத் துறவிகள், நூறு ஆண்டுக்கு மேல் நடத்திய தோட்டத்தை 1973-இல் ஏன் விற்றார்கள் என்று அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)