ஏட்டுப் பணமும் வீட்டுப் பணமும்

தேன்கனிக்கோட்டைப் பேருந்து நிலையம். இரவு ஷிப்ட் முடித்து ஓசூரிலிருந்து வந்து இறங்கிய தோழர்கள் தேநீர்க் கடையில் நிற்கிறார்கள். முன்பெல்லாம் அங்கே பேச்சு போனஸைப் பற்றி இருக்கும். ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்ட கூலியைப் பற்றி இருக்கும். இன்று என்ன பேச்சு? "நிஃப்டி எங்கே நிற்கிறது? கால் வாங்கினாயா, புட் வாங்கினாயா?"

அப்படி நின்ற இளந்தோழர் ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "பாருங்கண்ணா, பத்தே நாளில் நாற்பதாயிரம் இலாபம்!"

"பணம் எங்கே தம்பி?" என்றேன்.

"இது பயிற்சிக் கணக்குங்கண்ணா. பத்து இலட்சம் அவங்களே போட்டுத் தர்றாங்க. நிஜப் பணம் இல்லை. ஆனால் கை பழகிப்போச்சு. அடுத்த மாசம் வீட்டுக்காரி சங்கிலியை அடகு வைத்து நிஜக் கணக்கில் இறங்கப் போறேன்."

தோழர்களே! அந்தச் சங்கிலிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி தவறா? தவறே இல்லை. லேத் பட்டறையில் சேர்ந்த பையனிடம் முதல் நாளே விலை உயர்ந்த உலோகத்தைக் கொடுப்பார்களா? கழிவு இரும்பைத்தான் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கழிவு இரும்பும் இரும்புதான். தப்பாகத் தொட்டால் கையைக் கிழிக்கும். கைப்பேசியில் மின்னும் பத்து இலட்சமோ யாரையும் கிழிக்காது. அதை இழந்தால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்காது. வீட்டு வாடகை பாக்கி விழாது. ஆகவே அச்சமும் இல்லை, ஆசைக்கு அணையும் இல்லை. திரையில் தெரிந்த விலையிலேயே வாங்கியதாக எழுதிக்கொள்ளும். பல இடங்களில் தரகும் வரியும் கணக்கிலேயே வராது. நிஜச் சந்தையில் 2023-24ஆம் ஆண்டில், ஆப்ஷன் போன்ற ஊக வணிகத்தில் இறங்கிய தனிநபர் ஒருவர் சராசரியாக 26,000 ரூபாயைக் கட்டணமாகவே கொட்டி அழுதிருக்கிறார்!

இது எதிரிகள் கட்டிவிட்ட கதையன்று. சந்தையைக் கண்காணிக்கும் 'செபி'யே 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு. 2021-22 முதல் 2023-24 வரை மூன்றாண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நட்டம். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய். செலவு போக ஓர் இலட்சத்துக்கு மேல் இலாபம் கண்டவர் நூற்றுக்கு ஒருவர். அடுத்த ஆண்டு, 2024-25இல், நட்டப்பட்டவர் நூற்றுக்கு 91. தொகை 1,05,603 கோடி!

ஏமாந்தவர்கள் யார்? நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், ஆண்டு வருமானம் ஐந்து இலட்சத்துக்கும் குறைவு என்று காட்டியவர்கள். நம்மவர்கள்! இலாபம் எங்கே போயிற்று? பெருந்தரகு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கும். அவர்கள் இலாபத்தில் பெரும்பகுதி கணிப்பொறி நிரல் ஈட்டியது. இமைப்பொழுதில் ஆயிரம் கட்டளை இடும் எந்திரத்தோடு, ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு நிற்கும் தொழிலாளி மல்லுக்கட்டுவதா?

"எனக்கு டிப்ஸ் தருபவர் நான்கு முறை சொன்னார், நான்கும் பலித்தன" என்பார் ஒரு தோழர். பகுத்தறிவைக் கொஞ்சம் துணைக்கு அழையுங்கள். 1,600 பேரின் எண் ஒருவனிடம் இருக்கிறது. 800 பேருக்கு 'ஏறும்' என்கிறான். 800 பேருக்கு 'இறங்கும்' என்கிறான். பலித்த 800 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பாதிப்பாதி. பிறகு 400, பிறகு 200, பிறகு 100. அந்த நூறு பேருக்கு அவன் முக்காலமும் உணர்ந்த முனிவன்! ஜாதகக் கட்டுக்குப் பதில் விளக்கப்படம், வேறென்ன வேறுபாடு? பயிற்சிக் கணக்கின் பத்து நாள் இலாபமும் இப்படித்தான். ஆயிரம் பேர் பழகினால் சிலருக்குக் குருட்டாம்போக்கில் வாய்க்கும். அது திறமைக்குச் சான்றாகாது.

இன்னொரு வஞ்சகம் இதைவிடக் கொடிது. வாட்ஸப்பில் வரும் சுட்டியில் ஒரு செயலி. அதிலும் திரையில் இலாபம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் போடச் சொல்வது நிஜப் பணம்; எடுக்கப் போனால் 'வரி கட்டு' என்பான். எண் பொய், பணம் மட்டும் மெய்! அகப்பட்டுக்கொண்டால் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பதிவு பெறாத செயலிகள் பங்கு விலையை வைத்து நடத்தும் காகித வணிகமும் கற்பனை விளையாட்டும், 1956ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்தச் சட்டத்துக்கும் 1992ஆம் ஆண்டின் செபி சட்டத்துக்கும் மாறானவை என்று 2024 நவம்பரில் செபி எச்சரித்தது. அப்படியானால் எப்படிப் பழகுவது?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பத்து இலட்சம் என்று எழுதாதீர்கள். உங்களால் மெய்யாகவே ஒதுக்க முடிந்த தொகையை, ஐயாயிரமானால் ஐயாயிரத்தை, எழுதுங்கள். நாளேட்டில் வரும் முடிவு விலையைப் பார்த்து, எந்தப் பங்கு, எந்த நாள், என்ன விலை, ஏன் வாங்கினேன் என்று குறியுங்கள். 'ஏன்' என்பதற்கு ஒரு வரி எழுத முடியாவிட்டால் வாங்காதீர்கள். தரகையும் வரியையும் கழியுங்கள். நட்டம் வந்த பக்கத்தைக் கிழிக்காதீர்கள். டிப்ஸ் தருபவன் சொன்னதையும் தேதியோடு எழுதுங்கள். பலித்ததையும் பொய்த்ததையும் எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்து, அதே பணம் அஞ்சலகத்தில் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒப்பிடுங்கள். அந்த நோட்டு உங்களிடம் பொய் பேசாது.

பங்கு என்பதே சூது என்று நான் சொல்லவில்லை. நம் ஓசூரில் கடிகாரம் செய்யும் டைட்டனைப் பாருங்கள். 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது. அதில் கால் பங்குக்கு மேல் இன்றும் டிட்கோவின் கையில் இருக்கிறது. காலையில் வாங்கி மாலையில் விற்றதன்று, பல்லாண்டு வைத்திருந்தது. எல்லா ஆலையும் டைட்டன் ஆகிவிடாது. ஆனால் ஆலையில் பங்கு கொள்வது வேறு, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது வேறு.

தொழிலாளி ஏன் அந்தப் பந்தயத்துக்குப் போகிறான்? பேராசையால் மட்டுமா? ஒப்பந்தக் கூலி மாதக் கடைசிவரை வரவில்லை, அதனாலும்தான். அந்தப் பள்ளத்தை ஆப்ஷன் அடைக்காது. சங்கம் அமைத்துப் பெறும் ஊதியம்தான் அடைக்கும். கிளைக் கூட்டங்களில் தோழர்கள் இதைப் பேச வேண்டும். சம்பள நாளுக்கு முன்பே பேச வேண்டும்.

அந்த இளந்தோழருக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "ஆறு மாதம் எழுது, தம்பி. அதுவரை சங்கிலி, அது இருக்க வேண்டிய கழுத்திலேயே இருக்கட்டும்" என்றேன். சிரித்தார், வாங்கிக்கொண்டார். எழுதுவார் என்றே நம்புகிறேன்.