உஷார்! ‘கரண்ட்டைக் குறைத்தால் காசு’ என்று அழைப்பு வருகிறதா?

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அவசியம் படிக்க வேண்டிய விஷயம் இது. கோடை நெருங்கினாலே மெயிலிலும் மொபைலிலும் அழைப்பு மேல் அழைப்பாக வரும்: ‘தட்டுப்பாடான நேரத்தில் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், பில்லில் கழித்துத் தருகிறோம்.’ டிமாண்ட் ரெஸ்பான்ஸ் என்று இதற்குப் பெயர். ஏற்பாடு நல்லதுதான். வருஷத்தில் சில மணி நேரமே வரும் உச்சத் தேவைக்காகப் புது மின்நிலையம் கட்டுவதைவிட, அந்த நேரத்தில் தேவையைக் குறைப்பது ஊருக்கே லாபம். ஆனால் ‘சம்மதம்’ என்று அழுத்தும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: குறைக்கவே முடியாத ஒரு நாள் வந்தால், அந்த நாளின் விலை யார் தலையில் விழும்?

2021 பிப்ரவரியில் அது வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது. டெக்சாஸில் 2002 முதல், பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் விற்கும் நிறுவனத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். (ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் இதில் சேராது, அங்கே நகராட்சியின் மின்சாரம்தான்.) போட்டிக்கு வந்த நிறுவனங்களில் ஒன்று கிரிடி. மாதம் 9.99 டாலர் கட்டணம். மின்சாரத்துக்கு மொத்தச் சந்தையில் அந்த நேரத்தில் என்ன விலையோ அதுதான் உங்களுக்கும். விலை ஏறினால் ஆப்பில் தெரியும், வாஷிங் மெஷினை நிறுத்திவைக்கலாம், இறங்கினால் ஓட்டிக்கொள்ளலாம். டிமாண்ட் ரெஸ்பான்ஸ் பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே வீட்டுக்கு வந்தது மாதிரிதான். ஏறக்குறைய 29,000 பேர் சேர்ந்திருந்தார்கள். சாதாரண மாதங்களில் பில்லும் குறைவாகவே வந்தது.

அந்தப் பிப்ரவரி நடுவில் பனிப்புயல் வந்தது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. மாநிலத்தின் மின்தொகுப்பு முழுவதுமாகச் சரிவதற்கு 4 நிமிடம் 37 விநாடிதான் மிச்சம் இருந்தது என்று அதை நடத்தும் எர்காட் அமைப்பே பிறகு சொன்னது. தட்டுப்பாட்டுக்கு ஏற்ற விலை இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட, மொத்த விலை உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில் போய் நின்றது. அதாவது யூனிட்டுக்கு 9 டாலர். அப்போது வழக்கமாக வீட்டுக்காரர் கொடுத்தது 10, 12 சென்ட்தான்.

டாலஸில் அப்போது மைனஸ் 19 டிகிரி வரை குளிர் இறங்கியது. வீட்டு ஹீட்டரில் இருக்கும் 10 கிலோவாட் கம்பிச்சுருள் ஒரு மணி நேரம் ஓடினால் 90 டாலர். விலையைப் பார்த்து நிறுத்தலாம் என்றால், நிறுத்தினால் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் வெடிக்கும், குழந்தை விறைத்துப்போகும். அந்தப் புயலில் அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது குளிர்தான். அப்படிப்பட்ட நேரத்தில் குடும்பத்திடம் போய், ‘விலை ஏறிவிட்டது, குறைத்துக்கொள்’ என்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. புயலுக்கு முன்பே கிரிடி தன் வாடிக்கையாளர்களிடம் ‘வேறு நிறுவனத்துக்குப் போய்விடுங்கள்’ என்று கேட்டது. அவசரத்தில் பலரால் மாற முடியவில்லை. டாலஸ் அருகே ஒருவருக்கு வந்த பில் 16,752 டாலர். பணம் அவருடைய கார்டிலிருந்து தானாகவே எடுக்கப்பட்டிருந்தது. இதில் கொடுமை, மின்வெட்டு முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் விலையை உச்சத்திலேயே வைத்திருந்தார்கள். அடுத்த மாதமே கிரிடி திவாலானது.

அதே ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம், மொத்தச் சந்தை விலையை வீடுகள் மீது நேரடியாக ஏற்றும் திட்டங்களுக்குத் தடை போட்டது. அதனால் நிம்மதியாக இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்ததைக் கவனிக்காமல் விட்டால், மாதா மாதம் விலை மாறும் திட்டத்துக்குத் தானாகவே தள்ளப்படுவீர்கள். அடுத்த மாதம் என்ன விலை என்பது நிறுவனத்தின் கையில்.

தெரியாமல் சிக்கிக்கொள்ள இன்னொரு வழி உங்கள் ஹாலிலேயே மாட்டியிருக்கிறது: ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். 2021 ஜூனில் ஹூஸ்டனில் சிலர் வேர்த்து எழுந்து பார்த்தால், ஏசியின் வெப்பநிலை அளவை வெளியிலிருந்து யாரோ ஏற்றியிருந்தார்கள். ஒரு பரிசுக் குலுக்கலில் சேர்வதற்காகத் தாங்களே கொடுத்த சம்மதம் அது என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. அடுத்த ஆண்டு கொலராடோவில் 22,000 வீடுகளில், அளவைத் திருப்பிக் குறைக்கவும் முடியாமல் பூட்டிப்போட்டார்கள். அங்கே சில்லறைப் போட்டி கிடையாது, ஆனால் அங்கேயும் சம்மதம் வாடிக்கையாளர்களே முன்பு கொடுத்ததுதான். இப்படி ஏசியைக் குறைக்கும் நேரம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். வீட்டில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா மட்டும். அந்தத் திரையில் எதைத் தொட்டால் பழைய அளவுக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியுமா?

ஆனால் குறைக்க முடிந்தவர்களுக்கு டெக்சாஸ் மின்சந்தையில் கொள்ளை லாபம். 2023 ஆகஸ்டில், டெக்சாஸின் ராக்டேலில் பிட்காயின் சுரங்கம் நடத்தும் ரயட் நிறுவனம், கம்ப்யூட்டர்களை நிறுத்திவைத்ததற்காக 3.17 கோடி டாலர் மதிப்புள்ள மின்கட்டணக் கழிவு பெற்றது. அந்த மாதம் பிட்காயின் எடுத்துச் சம்பாதித்ததைவிட இது அதிகம். இயந்திரத்தை நொடியில் அணைக்கலாம். ஆக்சிஜன் கருவியில் இருக்கும் பாட்டியை அணைக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே விதி என்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே, திட்டத்தில் சேரும் முன் எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. 500, 1,000, 2,000 யூனிட்டுக்குச் சராசரி விலை என்ன, நிலையான விலையா மாறும் விலையா, நடுவில் விலகினால் அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். தெர்மோஸ்டாட் திட்டமென்றால், வேண்டாத நாளில் விலகிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் சேராதீர்கள். உயிர்காக்கும் கருவி ஓடும் வீடாக இருந்தால், டாக்டர் கையெழுத்தோடு ‘கிரிட்டிக்கல் கேர்’ பதிவு செய்யுங்கள். மின்வெட்டே வராது என்று அது உறுதி தராது. பேட்டரியோ மாற்று இடமோ கையில் இருக்கட்டும்.

இன்று இரவே பில்லை எடுத்து, ஒப்பந்தம் முடியும் தேதியைப் பாருங்கள். முடிவதற்கு 14 நாள் முன்பிருந்து, அபராதம் இல்லாமல் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம்.