ஆண்டிதழை இணையமேற்றுவோம்: கவிதையின் அடி சிதையாமல்

ஆண்டுதோறும் செயலவை மாறுகிறது. இதழைத் தட்டச்சு செய்த கணினியும் மாறிவிடுகிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன் வந்த தமிழிதழ்கள் பல பேஜ்மேக்கர் கோப்புகளாக, அக்கால எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே தெரியும்.

படைப்புகளை யூனிகோடு தமிழில், வெற்று உரைக்கோப்பாகச் சேமித்தால் இந்த இடர் நேராது. அக்கோப்புகளிலிருந்தே ஓர் இணையத்தளத்தையும் உருவாக்கலாம். அதற்கான ஒரு வழியைக் காண்போம்.

நிலைத்தள உருவாக்கி என்பது யாது?

வோர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் படைப்புகளைத் தரவுத்தளத்தில் வைத்து, வாசகர் கேட்கும்போது பக்கத்தைத் தொகுத்துத் தரும். நிலைத்தள உருவாக்கியோ எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே ஆக்கி வைத்துவிடும். தரவுத்தளம் தேவையில்லை, உரைக்கோப்புகள் நம் கையிலேயே இருக்கும். அவ்வகையில் நன்கு அறியப்பட்டது ஜெக்கில். டாம் பிரஸ்டன்-வெர்னர் 2008-இல் ரூபி மொழியில் இதனை உருவாக்கினார்.

மார்க்டவுன் போதாதா?

ஜெக்கில் இயல்பாகவே மார்க்டவுனை ஏற்கும். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட இக்குறியீட்டு முறை கட்டுரைக்குப் போதும். கவிதைக்குத்தான் சிக்கல். அடுத்தடுத்த வரிகளை அது ஒரே பத்தியாக இணைத்துவிடும். முதலடியில் நான்கு சீரும் இரண்டாமடியில் மூன்று சீருமாக நிற்கவேண்டிய குறள், ஏழு சீர் கொண்ட ஒரே வரியாகிவிடும். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் இரண்டு இடைவெளி விட்டால் சரியாகும். ஆனால், அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. அடுத்து மெய்ப்புப் பார்ப்பவர் அறியாமல் அழித்துவிடலாம்.

ஸ்டூவர்ட் ராக்கம் 2002-இல் உருவாக்கிய ஆஸ்கிடாக் முறையில் செய்யுளுக்கென்றே தனிப்பகுதி உண்டு. அதனை ஜெக்கிலோடு இணைக்கும் செருகுநிரலே ‘ஜெக்கில்-ஆஸ்கிடாக்’.

நிறுவும் முறை

இங்குத் தமிழில் எழுதியுள்ள கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்க.

1. ரூபியை நிறுவுக. பின்னர் ‘ஜெம் இன்ஸ்டால் ஜெக்கில் பண்ட்லர்’ என்ற கட்டளையை இடுக.

2. ‘ஜெக்கில் நியூ’ என்பதோடு தளத்தின் பெயரைச் சேர்த்துத் தட்டினால் புதிய கோப்புறை உருவாகும்.

3. அதனுள் இருக்கும் ‘ஜெம்ஃபைல்’ கோப்பில் ‘ஜெக்கில் பிளகின்ஸ்’ என்ற தொகுதி காணப்படும். அங்கு ஏற்கனவே உள்ள வரியைப் போலவே ‘ஜெக்கில்-ஆஸ்கிடாக்’ பெயரை ஒரு வரியில் சேர்க்க.

4. அக்கோப்புறையில் நின்று ‘பண்டில் இன்ஸ்டால்’ கட்டளையை இடுக. செருகுநிரலும் அதற்குத் தேவையான ஆஸ்கிடாக்டரும் பதிவிறக்கமாகும்.

5. ‘பண்டில் எக்ஸெக் ஜெக்கில் சர்வ்’ கட்டளையை இட்டால் தளத்தை உங்கள் கணினியிலேயே காணலாம்.

கவிதையைப் பதித்தல்

‘போஸ்ட்ஸ்’ கோப்புறையில் புதிய கோப்பைத் திறக்க. கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள், தலைப்பு என்ற வரிசையில் சிறுகோடுகளால் இணைந்திருக்க வேண்டும். ஏ-டி-ஓ-சி என்ற நான்கெழுத்துப் பின்னொட்டைக் கண்டால் செருகுநிரல் செயல்படும்.

முதல் வரியில் சமக்குறியிட்டு, இடைவெளி விட்டுத் தலைப்பை எழுதுக. அடுத்த வரியிலேயே ‘பேஜ்-டேக்ஸ்’ போன்ற விவரங்களை இரு முக்காற்புள்ளிகளுக்கு இடையில் தருக. இடையே வெற்று வரி விடலாகாது. விட்டால் தலைப்பகுதி அங்கேயே முடிந்ததாகக் கருதப்பட்டு, விவரங்கள் ஜெக்கிலைச் சென்றடையா.

பிறகு சதுர அடைப்பில் ‘வெர்ஸ்’ என்ற சொல், கவிஞர் பெயர், நூற்பெயர் மூன்றையும் காற்புள்ளியிட்டு எழுதுக. அதன்கீழ் ஒரு வரியில் நான்கு அடிக்கோடுகள்; அடுத்துக் கவிதை; முடிவில் மீண்டும் நான்கு அடிக்கோடுகள். அவ்வளவுதான்! அடிகள் எழுதியபடியே நிற்கும். கவிஞர் பெயரும் உடன் தோன்றும்.

ஒரு முன்னெச்சரிக்கை

கிட்ஹப் பேஜஸில் தளத்தை இலவசமாக ஏற்றலாம். ஆனால், அதன் இயல்பான ஜெக்கில் அமைப்பு குறிப்பிட்ட சில செருகுநிரல்களையே அனுமதிக்கும். இது அப்பட்டியலில் இல்லை. ஆகவே, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழி தளத்தை உருவாக்குக. அல்லது கணினியிலேயே உருவாக்கி, ‘சைட்’ கோப்புறையில் உள்ளவற்றை ஏற்றுக.

நாளை ஜெக்கில் வழக்கொழிந்தாலும் கவலையில்லை. சாதாரண உரைத்திருத்தி இருந்தாலே நம் கோப்புகளைத் திறந்து படிக்கலாம். வேறொரு மென்பொருளுக்கும் மாற்றலாம். எனவே, இவ்வாண்டுச் செயலவை பொறுப்பை ஒப்படைக்கும்போது அச்சிட்ட இதழோடு இந்த உரைக்கோப்புகளையும் ஒப்படைக்கட்டும். நம் மாணவர் எழுதிய கவிதை, அவர் பிரித்த அடிகளோடே அடுத்த தலைமுறையைச் சென்றடையட்டும்.