டீச்சரின் சம்பளச் சீட்டு

ரிவர்ஸ்டன் பக்கத்துப் பனி விலகுமுன்பே இரத்தோட்டையில் மாத்தளை பஸ்ஸுக்காக நிற்கும் இளம்பெண்களில், கையில் கொப்பிக்கட்டு வைத்திருப்பவர் அநேகமாக ஒரு சர்வதேச பாடசாலை டீச்சர்தான். மாலையில் வீடு வந்தால் சமையல், பிறகு கொப்பி திருத்தம். இரவு பத்து மணிக்கும் பெற்றோரின் வாட்ஸ்அப். (நாமும் அனுப்பியிருக்கிறோம், இல்லையா?)

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் ஆறு வருடம் படிப்பித்துவிட்டுப் பிரசவத்தோடு நின்றார். வெறுங்கையோடுதான் வீடு வந்தார். "நாங்க என்ன கவர்மெண்ட் டீச்சரா?" என்றார்.

அங்கேதான் தவறு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தனியார் பாடசாலைகளுக்கு வழியடைத்ததால், இவை கம்பனிகளாகவே பதியப்படுகின்றன. அரச ஓய்வூதியம் இல்லைதான். ஆனால் கம்பனி ஊழியருக்குரிய உரிமைகள் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டால் நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம். "இன்னும் பயிற்சிக் காலம்தானே" என்ற சாக்கு செல்லாது. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். 30,000 ரூபா சம்பளம் என்றால் அந்தச் சகோதரிக்கு 90,000 ரூபா!

ஆகவே சகோதரிகளே, நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதமே கேளுங்கள். மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்; அதற்கு வக்கீல் தேவையில்லை.